ஒன்றரைத் தலைக்கட்டு

நான் வேலை பார்க்கும் நூல் மில்லின் ஆபீசில் யாராவது எதையாவது மறைக்க நினைத்தால் அவர்களுக்கு ஒரே வழிதான் தெரியும். எக்செல் ஷீட்டில் மேலிருந்து கீழாக ஓடும் பத்தியைப் பிடித்து, மவுசின் வலது பொத்தானைத் தட்டி, ‘ஹைடு’ கொடுத்துவிடுவார்கள். பத்தி கண்ணிலிருந்து மறைந்துவிடும். மானேஜரும் அதைத்தான் செய்வார், ஸ்டோர்க்காரரும் அதைத்தான் செய்வார். ஏதோ பீரோவில் வைத்துப் பூட்டியது மாதிரி நிம்மதியாக டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

ஆனால் ஷீட்டின் உச்சியில் ஏ, பி, சி என்று எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன. மறைத்த பத்தியோடு அதன் எழுத்தும் போய்விடும். சி-க்குப் பக்கத்தில் ஜி நின்றால், நடுவில் மூன்று பேர் ஒளிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சி-யையும் ஜி-யையும் சேர்த்துப் பிடித்து, அதே வலது பொத்தானைத் தட்டி ‘அன்ஹைடு’ கொடுத்தால் மூன்றும் வந்து நிற்கும். அவ்வளவுதான் விஷயம். பல வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பழகியதில், எந்த ஷீட்டைத் திறந்தாலும் என் கண் முதலில் எழுத்து வரிசையைத்தான் பார்க்கும். அதில் ஒரு அற்ப சந்தோஷம் எனக்கு உண்டு.

என் ஊர், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர். பிறந்த ஊர். கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து திரும்பி வந்து, அப்பா என் பேருக்கு எழுதிவைத்த இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறேன். புருஷன் உயிரோடுதான் இருக்கிறார், விருதுநகர் பக்கம், இன்னொருத்தியோடு. இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. வந்த புதிதில் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

மற்ற நாட்கள் எப்படியோ போய்விடும். காலையில் மில் வேன், பகலெல்லாம் ஸ்பின்னிங் மெஷினின் இரைச்சல், பொழுது சாயும்போது திரும்ப வேன். ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு ஆகாது. துணி துவைத்து, வீடு துடைத்து, குழம்பு வைத்து முடித்த பிறகும் பாதிப் பகல் மிச்சமிருக்கும். வெளியே பார்த்தால் மக்காச்சோளம் அறுத்த கரிசல் காடும், தார் ரோட்டில் காயப்போட்ட மிளகாய் வத்தலும். பக்கத்து வீட்டு டி.வி.யில் ஓடும் சமையல் நிகழ்ச்சியைச் சுவர் வழியாகவே முழுக்கக் கேட்டு நானும் ஒரு பதார்த்தம் கற்றுக்கொள்ளலாம். சில ஞாயிறுகளில் நான் வாய் திறந்து பேசிய ஒரே ஆள் பால்காரராக இருப்பார். அவரும் ‘ம்’ என்பதோடு சரி.

ஊரில் பங்குனிப் பொங்கல் பெரிசு. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு வரி. பொங்கல் முடிந்த மறுநாள் ஊர் எல்லையில் இருக்கும் காவல் சாமிக்குக் கிடா வெட்டி, கறியைப் பனை ஓலைப் பாயில் சமமாகக் கூறு போடுவார்கள். தலைக்கட்டுக்கு ஒரு கூறு. லிஸ்டைப் பார்த்து ஒருவர் பேர் வாசிக்க, அந்தந்த வீட்டு ஆண் வந்து வாங்கிக்கொண்டு போவார். புருஷன் செத்துத் தனியாக இருக்கிற பெண்கள் அரைத் தலைக்கட்டு. அவர்களுக்கு அரை வரி, அரைக் கூறு. அந்த அரையையும் தனியாக அறுத்து வைக்க மாட்டார்கள். இரண்டு அரைகளை ஒரு சோடியாகச் சேர்த்து ஒரு முழுக் கூறாகக் கொடுத்துவிடுவார்கள். சோடிப் பெண்கள் இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தங்களுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும்.

கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அவள் புருஷன் ஊரில்தான் கணக்கு. திரும்பி வந்துவிட்டால் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. அதற்கு ஊரில் யாரும் ஏற்பாடு எதுவும் செய்து வைக்கவில்லை. கூறு போடுகிற அன்றைக்கு என் அண்ணன் சம்சாரம், மதினி, ஒரு தூக்குவாளியில் கறி கொண்டு வரும். அண்ணன் வீட்டுக் கூறில் எனக்குக் கொஞ்சம் கிள்ளிக் கொடுக்கிறார்கள் என்று நினைத்து வாங்கி வைப்பேன். சமைப்பேன். ஆனால் அது மற்ற நாள் கறி மாதிரி தொண்டையில் இறங்காது.

நான் கறிக்கு ஏங்குகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். டவுனில் கறிக்கடை இருக்கிறது, மாசம் பிறந்தால் எனக்குச் சம்பளமும் இருக்கிறது. எனக்கு வேண்டியது வேறு. அந்த லிஸ்டில் என் பேர் இருக்க வேண்டும். அதை ஊர் முன்னால் வாசிக்க வேண்டும். நான் எழுந்து போய் என் கூறை என் கையால் வாங்க வேண்டும். ஒரு ஊரில் இருக்கிறேன் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி எனக்குத் தோன்றவில்லை. ரேஷன் கார்டெல்லாம் சர்க்கார் கொடுப்பது, அது யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கும்.

போன பங்குனியில், பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஊர்ப் பொருளாளர் போன் செய்தார். எனக்குச் சித்தப்பா முறை. உரக்கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையில் என் போன் அடிப்பதே அபூர்வம் என்பதால் முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

“ஏத்தா, வாட்ஸப்புல ஒரு லிஸ்டு அனுப்பியிருக்கேன், பாத்தியா?”

“இனிமேத்தான் பாக்கணும் சித்தப்பா. என்ன லிஸ்டு?”

“தலக்கட்டு லிஸ்டுதான். மேல மொத்தக் கூறுன்னு ஒண்ணு வருதுல்ல, அது அரையில நிக்குது. போன வருசம் நூத்திப் பதிமூணு. இப்ப நூத்திப் பன்னெண்டரைங்குது. அரைக் கூற எங்கிட்டுப் போட? லிஸ்டப் போட்டுக் குடுத்தவன் சிங்கப்பூர் போயிட்டான், போன எடுக்க மாட்டேங்குறான். கம்ப்யூட்டரு கெட்டுப்போச்சா என்னன்னு பாரு தாயி.”

“கம்ப்யூட்டர் கெடாது சித்தப்பா. ஆளுக கெடுப்பாக. நான் பாத்துட்டுக் கூப்புடுறேன்.”

மில்லில் பழசென்று தள்ளிவிட்ட ஒரு லேப்டாப்பை நான் வாங்கி வைத்திருக்கிறேன். சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அதைத் திறந்தேன். வரிசை எண், வீட்டுப் பேர், தெரு, அதற்கடுத்து வரி கட்டியாச்சா என்று ஒரு பத்தி. ஊரே அந்த ஷீட்டில் இருந்தது. மேலத்தெரு, கீழத்தெரு, கிழக்குத்தெரு என்று எல்லா வீட்டு ஆண்களும், புருஷனின் பேருக்குப் பின்னால் ‘மனைவி’ என்று போட்ட விதவைகளும். என்னை அறியாமல் நான் என் பேரைத் தேடினேன். இருக்காது என்று தெரிந்தேதான் தேடினேன். இல்லை. அண்ணன் பேர் இருந்தது.

அப்புறம்தான் எழுத்து வரிசையைப் பார்த்தேன். சி-க்குப் பக்கத்தில் ஜி.

எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரிலுமா என்று நினைத்துக்கொண்டேன். கூடவே எதற்காக மறைத்திருப்பார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது. லிஸ்டை முதல்முதலாக வாட்ஸப் குரூப்பில் போட்ட வருடம், ஒரு ஆள் கோயில் வாசலில் வந்து நின்று கத்தினான். என் ஆத்தாளுக்கு நேரா அரைன்னு போட்டு ஊரெல்லாம் காட்டுறீகளா, அவ என்ன அரை மனுசியா என்று கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கு ஊர் கண்டுபிடித்த பதில், அரையை எடுப்பதல்ல, அரை இருக்கிற பத்தியை மறைப்பது. பிறகு பொறுப்புக்கு வந்தவர்களுக்கு உள்ளே அப்படியொன்று இருப்பதே மறந்துவிட்டது. மொத்தக் கூறு மட்டும் மறைந்திருக்கும் எண்களைக் கூட்டி ஒவ்வொரு வருடமும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்தது.

சி-யையும் ஜி-யையும் சேர்த்துப் பிடித்து ‘அன்ஹைடு’ கொடுத்தேன்.

மூன்று பத்திகள் வந்தன. முதலாவதில் தலைக்கட்டு, ஒன்று அல்லது அரை. அடுத்தது ‘சோடி’, அரைக்கு அரை யாரோடு என்று. மூன்றாவது ‘குறிப்பு’. அரைகளை ஒவ்வொன்றாகச் சோடி பார்த்துக்கொண்டே வந்தேன். மாவு மில்காரர் மனைவிக்குச் சோடி, பூக்கட்டுகிறவர். இவர்கள் இருவரும் தண்ணீர்க் குழாயடியில் நாள் தவறாமல் சண்டை போடுகிறவர்கள். அவர்களைப் போய் யார் சோடி சேர்த்தார்கள் என்று நினைத்தபடி அடுத்தடுத்த வரிசைக்கு இறங்கினேன். எல்லா அரைக்கும் சோடி இருந்தது. மிச்சப்படுகிற அரை எதுவும் தட்டுப்படவில்லை.

அண்ணன் வரிசையில் வந்து நின்றேன். தலைக்கட்டு: ஒன்றரை. சோடி: கிழக்குத்தெரு ஆட்டுக்காரம்மா. குறிப்பு: அரை தங்கச்சிக்கு.

அண்ணன் ஒரு தலைக்கட்டு என்பது எனக்குத் தெரியும். அந்த ஒன்றோடு ஒட்டிக்கொண்டிருந்த அரை நான். ஊர் என்னைக் கணக்கில் வைத்திருக்கிறது என்று ஒரு பக்கம் நிறைவாக இருந்தது. புருஷன் உயிரோடு இருக்க என்னைத் தாலியறுத்தவளாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று மறுபக்கம் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டில் எது பெரிசு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. தூக்குவாளியில் வந்தது அண்ணன் வீட்டுக் கறி இல்லை, என் பங்குதான் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அத்தனை வருடமும் என் சொந்தக் கறியைத்தான் அடுத்தவர் கறி மாதிரி விழுங்கியிருக்கிறேன்.

கிழக்குத்தெரு ஆட்டுக்காரம்மாவின் வரிசை ஷீட்டில் இல்லை. கார்த்திகை அடைமழையில் காய்ச்சல் கண்டு இறந்துபோயிருந்தார். யாரோ அவர் வரிசையை அழித்துவிட்டார்கள். அவர் அரை போனதும் என் அரை சோடியில்லாமல் நின்றது. கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை. ஊரில் சோடியில்லாமல் மிஞ்சிய ஒரே அரை நான்தான்.

சித்தப்பாவே மறுபடி கூப்பிட்டார்.

“என்னத்தா, ஆப்புட்டுச்சா?”

“ஆப்புட்டுச்சு சித்தப்பா. ஒரு அரை தனியா நிக்குது. சோடி செத்துப்போச்சு.”

“அம்புட்டுத்தானா. அப்ப அந்த அரையத் தூக்கிரு தாயி. நூத்திப் பன்னெண்டுன்னு வச்சுக்கிருவோம். ஒத்த அரைக்காக எல்லாத்தையும் குழப்ப வேண்டாம்.”

அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். மனுஷர் நல்லவர்தான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை.

“அந்த அரை நான்தான் சித்தப்பா” என்றேன்.

அந்தப் பக்கம் கடையில் யாரோ யூரியா விலை கேட்கும் சத்தம் மட்டும் வந்தது.

“எங்க அண்ணன் பேரோட சேத்துப் போட்டிருக்காக. நான் அதத் தூக்கல. ஒண்ணுன்னு மாத்துறேன். முழு வரி நானே கட்டுறேன். என் பேருல தனி வரிசை போடுறேன். அண்ணனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. கூட்டிப் பாருங்க, நூத்திப் பதிமூணு வரும். போன வருசக் கணக்கேதான். கூடுதலா ஒரு கிடா வெட்ட வேண்டியதில்ல.”

“கணக்கு சரித்தான் தாயி. ஆனா முழுத் தலக்கட்டுன்னா ஆம்பள கைநீட்டி வாங்கணும்ல. அதான வழக்கம்.”

“கை எனக்கும் இருக்கு சித்தப்பா.”

“முழுத் தலக்கட்டுன்னா கம்மாக்கரை மராமத்துக்கும் ஆளு விடணும்.”

“விடுறேன். கூலிக்கு ஆள் கெடைக்கலைன்னா நானே மம்பட்டியத் தூக்கிட்டு வாரேன்.”

அவர் பெருமூச்சு விட்டார். “உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்த பேசிட்டுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டார்.

நான் அண்ணன் வரிசையில் ஒன்று என்று மாற்றினேன். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரிசை செருகினேன். என் பேரை இனிஷியலோடு அடித்தேன். ‘மகள்’ என்றோ ‘மனைவி’ என்றோ போடாமல், மில் சம்பளச் சீட்டில் இருப்பது மாதிரி. தலைக்கட்டு: ஒன்று. மேலே நூற்றுப் பதின்மூன்று என்று வந்தது. சோடிக் கட்டத்தைக் காலியாக விட்டேன். முழுத் தலைக்கட்டுக்குச் சோடி தேவையில்லை.

மூன்று பத்திகளையும் திறந்தே அனுப்பிவிடலாமா என்று ஒரு வேகம் வந்தது. எல்லாரும் பார்க்கட்டும் என்று இருந்தது. பிறகு மாவு மில்காரர் மனைவியும் பூக்கட்டுகிறவரும் மற்றவர்களும் மனதில் வந்தார்கள். என் கோபத்துக்கு அவர்கள் அரையை எதற்குத் தெருவில் போட வேண்டும். திரும்ப மறைத்தே அனுப்பினேன்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் வீட்டுக்கு அவர் வருவது குறைவு. வந்தால் உட்காருவது அதைவிடக் குறைவு. அன்றைக்கு உட்கார்ந்தார்.

“நாந்தான் போடச் சொன்னேன்” என்றார். “ஊருக்குள்ள நீ இல்லைன்னு ஆயிரக் கூடாதுல்ல. நீ வந்த வருசமே போயிக் கேட்டேன். தனியா இருக்க பொம்பளைக்கு அரைதான் இருக்கு, வேற இல்லைன்னுட்டாக. சரி, அதையாவது போடுங்கன்னேன்.”

“எங்கிட்ட ஏன்ணே சொல்லல?”

“என்னன்னு சொல்ல? ஒன்னத் தாலியறுத்தவ கணக்குல சேத்திருக்காகன்னு சொல்லவா? நீ என்னிய உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்ப.”

அது உண்மைதான். டீ போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அந்த ஆட்டுக்காரம்மா இருந்துச்சுல்ல, பாவம், அதுதான் வருசா வருசம் ஒன் பங்கைப் பிரிச்சு ஒங்க மதினி கையில குடுக்கும். கறி பிரிக்கிறப்ப ஈரல எடுத்து ஒன் பக்கமே வைக்கும்னு மதினி சொல்லுவா. மில்லுக்குப் போற புள்ள, ஒடம்புல ரத்தம் வேணும்னு சொல்லுமாம்.”

ஆட்டுக்காரம்மாவை நான் தினமும் பார்த்திருக்கிறேன். மில் வேனுக்கு நான் நிற்கும் இடத்தைத் தாண்டித்தான் அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போவார். என்னைப் பார்த்து நிற்பார். நான் போனில் மூஞ்சியைக் கவிழ்த்துக்கொள்வேன், புருஷனைப் பற்றி ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று. அவர் ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. அந்த ஊரில் எனக்கு ஒரு சோடி இருந்திருக்கிறார், அவருக்கு அது தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அவர் செத்ததற்கு நான் துட்டிக்குப் போனேன். கூட்டத்தோடு நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அழவில்லை. அண்ணன் போன பிறகு அன்றைக்குத்தான் அழுதேன்.

மறுநாள் சித்தப்பா, “சரி தாயி, ஒம் பேர வாசிக்கச் சொல்லிட்டேன். நாலு பேரு நாலு விதமா பேசுவாக, காதுல போட்டுக்கிராத” என்றார். எனக்கு மில்லில் பாதி நாள் லீவு கிடைத்தது.

கூறு போடுகிற இடத்துக்குப் பெண்கள் வருவது வழக்கமில்லை, அரைக்காரர்களைத் தவிர. அவர்கள் வேப்பமரத்துப் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் ஓலைப் பாயைச் சுற்றி நின்றார்கள். எனக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில், வெயிலில், ஒரு எவர்சில்வர் சட்டியோடு நின்றேன். அண்ணன் என்னைப் பார்த்தார். கூப்பிடவில்லை. அவர் கூப்பிட்டிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன்.

பேர் வாசித்துக்கொண்டே வந்தார்கள். அண்ணன் பேர் முடிந்தது. அடுத்தது நான். வாசித்தவர் ஒரு கணம் நிறுத்தி, தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, என் பேரைச் சொன்னார். சத்தமாகத்தான் சொன்னார். பேச்சுக் குறைந்தது. யாரோ ஒருவர் தொண்டையைக் கனைத்தார். நான் போனேன். என் கால் தரையில் பாவவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வளவு சந்தோஷம். அதை நான் ஒளிக்கப் போவதில்லை.

கூறை எடுத்துச் சட்டியில் போட்ட ஆள் தலையை ஆட்டினார்.

“என்னத்தா இம்புட்டுச் சின்னச் சட்டியக் கொண்டாந்திருக்க. முழுக் கூறு இதுல கொள்ளுமா?”

கொள்ளவில்லை. என்னிடம் இருப்பதில் அதுதான் பெரிய சட்டி. ஒரு ஆளுக்குச் சமைக்கிறவளிடம் வேறு என்ன இருக்கும். மிச்சத்தை ஓலைக் கொட்டானில் வைத்துக் கொடுத்தார். ஒரு கையில் சட்டியும் மறு கையில் கொட்டானுமாகத் திரும்பினேன். ஆண்கள் வாங்கியதும் நிற்காமல் நடையைக் கட்டினார்கள். அவரவர் வீட்டில் மசாலா அரைத்துத் தயாராக இருப்பார்கள். எனக்கும் வீட்டுப் பக்கம்தான் கால் போக வேண்டும். போகவில்லை.

வேப்பமரத்தடியில் அரைக்காரர்கள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இரண்டு பேராக, எதிரும் புதிருமாகக் குத்தவைத்து, நடுவில் இலையைப் போட்டு. மாவு மில்காரர் மனைவியும் பூக்கட்டுகிறவரும் சண்டை போடவில்லை. “எலும்ப நீ வச்சுக்க, எனக்குப் பல்லு இல்ல” என்றார் ஒருவர். “போன வருசமும் இதத்தான் சொன்ன, ஒம் பல்லு எந்த வருசம் முளைக்கும்” என்றார் மற்றவர். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் மகனுக்குப் பெண் பார்த்த கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கறி பிரிக்க அவ்வளவு நேரம் ஆகாது. யாருக்கும் எழுந்திருக்க அவசரமில்லை.

நானும் பக்கத்தில் போய்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குத்தவைத்தேன். சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. ஒதுங்கி இடம் கொடுத்தார்கள். ஆனால் என் எதிரே யாரும் இல்லை. என் கறியைப் பிரிக்க வேண்டியதும் இல்லை. சும்மா சட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பூக்கட்டுகிறவர் என் சட்டியையும் கொட்டானையும் பார்த்தார். அதில் பொறாமை எதுவும் இல்லை. முழுக் கூறு வாங்கியவர்களிடம் காலங்காலமாகச் சொல்வதை வாய்ப் பழக்கமாகச் சொன்னார்.

“முழுசு வாங்குனவுகளுக்கு இங்க என்னத்தா வேலை. வெயிலாகுது பாரு, வெரசாப் போ. வீட்டுல எதிர்பாத்துக்கிட்டு இருப்பாகல்ல.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. கையில் இருந்த கறித்துண்டை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மற்றவர்களும் இலையைக் குனிந்து பார்த்தார்கள்.

“ஆமாக்கா, பாத்துக்கிட்டு இருப்பாக” என்று சொல்லிவிட்டு நான் எழுந்தேன்.